மாத்திரைக்கு மாப்பிள்ளை தேவை

மருமவனே, பெரியாஸ்பத்திரியில மருந்து குடுக்குற ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருந்த நோட்டீசைப் போட்டோ புடிச்சு அனுப்பிட்டு, “மாமா, இதுல சேரலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க”ன்னு கேட்டிருக்க. ஒரே வார்த்தைதான் வேணும்னா நேரா அந்த டாக்டரையே கேட்டிருக்கலாமே. “சேருங்க”ன்னு சொல்லி முடிச்சிருப்பாக. எங்கிட்ட வந்துட்டல்ல, கொஞ்சம் நீளும். வெத்தலையை மடிச்சுக்கிறேன், இரு.

நோட்டீசை வாசிச்சேன். சர்க்கரை நோயாளிகள் ஆய்வுக்குத் தேவை. வயசு 30-லிருந்து 60-க்குள்ள. மூணு மாசச் சர்க்கரை 7.5-க்கு மேல, 10-க்குக் கீழ. இன்சுலின் போடாதவுக. கிட்னி நல்லாயிருக்கணும். குடிப்பழக்கம் கூடாது. போன மூணு மாசத்துல வேற எந்த ஆராய்ச்சியிலயும் சேந்திருக்கக் கூடாது. அட, இது ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வர்ற மணமகன் தேவை விளம்பரம்ல! வயசு, தேகம், பழக்கவழக்கம், முன்னாடி கட்டுனது எதுவும் இருக்கப்படாது, அம்புட்டும் கேட்டிருக்காக. சாதி ஒண்ணுதான் பாக்கி. உனக்கும் என் மகளுக்கும் பேசி முடிச்சப்ப இதுல பாதி விவரம் நான் கேட்டிருந்தா, அந்தப் புள்ளை தப்பிச்சிருக்கும்.

கீழ சீர்வரிசையும் போட்டிருக்கு. ரத்தப் பரிசோதனை இலவசம், மாத்திரை இலவசம், வந்துபோற பஸ் செலவு குடுப்பாக. நீ மேல உள்ள எதையும் படிக்காம நேரா இந்த வரியைத்தான் படிச்சிருப்ப. எங்க அக்கா பெத்த புள்ளையை எனக்குத் தெரியாதா?

இதெல்லாம் உங்களுக்கு எப்படி மாமா தெரியும்னு கேப்ப. மனுசங்க உடம்புல ஆராய்ச்சி பண்ணணும்னா எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம ஒரு ஊசி குத்த முடியாது. 2019-ல மத்திய சர்க்கார் போட்ட புது மருந்து விதிப்படி அந்தக் கமிட்டியில கொறஞ்சது 7 பேரு. டாக்டருக இருப்பாக, ஒரு வக்கீலு இருப்பாரு, பொம்பளை ஒருத்தராவது கட்டாயம். சமூக சேவை பண்ணுறவரோ தத்துவம் படிச்சவரோ ஒருத்தர். பாதிப் பேராவது அந்தக் காலேஜுல சம்பளம் வாங்காத வெளியாளா இருக்கணும், தலைவரும் வெளியாளுதான். இது போக, டாக்டருக்குப் படிக்காத, ஆராய்ச்சின்னா என்னன்னு தெரியாத, சாதா சனத்துல ஒருத்தர் கட்டாயம் உக்காரணும்னு விதி. அப்படி ஒண்ணும் தெரியாத ஆளை ஒரு மருத்துவக் கல்லூரி ஜில்லா பூராம் தேடி, கடைசியில என்னைக் கண்டுபுடிச்சுச்சு. கூட்டுறவு சொசைட்டியில கணக்கெழுதி ரிடையர் ஆனவன் நானு. கடன் வாங்குனவன் வச்ச கைநாட்டு எது, அவன் இல்லாதப்ப செயலாளரு வச்ச கைநாட்டு எதுன்னு பாத்த மாத்திரத்துல சொல்லுவேன். அந்தப் படிப்பு போதும்னுட்டாக. சில வருசம் அந்த நாற்காலியில உக்காந்திருந்தேன். ஒண்ணும் தெரியாததுக்காக ஒருத்தனுக்கு டீயும் முந்திரி பிஸ்கட்டும் மரியாதையும் குடுக்குற இடம், சட்டசபையை விட்டா, அது ஒண்ணுதான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். உன்னைக் கூப்புட்டிருக்கிறது வைத்தியத்துக்கு இல்ல. ஒரு கேள்விக்கு. ஏற்கெனவே முழுங்குற மாத்திரையோட இன்னொரு மாத்திரையைச் சேத்தா சர்க்கரை இன்னும் இறங்குமா, இறங்காதா? இதுக்குப் பதில் தெரிஞ்சிருந்தா சுவத்துல நோட்டீஸ் ஒட்டி உன்னை எதுக்குத் தேடுறாக? வைத்தியத்துல டாக்டரு உனக்காக யோசிக்கிறாரு. ஆராய்ச்சியில உனக்குப் பின்னாடி வரப்போற லச்சம் சர்க்கரைக்காரனுக்காக யோசிக்கிறாரு. அதே ஆஸ்பத்திரி, அதே வெள்ளைக் கோட்டு, அதே மேசை. அதனாலதான் நம்மாளுகளுக்கு வித்தியாசம் தெரியிறதில்ல. “பெரிய டாக்டரு கூட்டத்துல என்னை மட்டும் தனியாக் கூப்புட்டு ஸ்பெசலா பாக்குறாரு”ன்னு டீக்கடையில பெருமையடிக்கிறவுகளை நான் பாத்திருக்கேன். நீயும் அதுல ஒருத்தனா ஆவேன்னுதான் இம்புட்டு வெத்தலையைச் செலவழிக்கிறேன்.

சரி, போனதும் அந்தப் புது மாத்திரையைக் குடுத்துருவாகளா? குடுக்க மாட்டாக. உன் பேரு திருவுளச்சீட்டுல விழணும். அதை இப்ப கம்ப்யூட்டரு குலுக்குது. ஒரு கூட்டத்துக்கு மருந்து உள்ள மாத்திரை, இன்னொரு கூட்டத்துக்கு அதே கலரு, அதே சைசுல, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. எது உன் டப்பாவுல இருக்குன்னு உனக்கும் தெரியாது, உனக்குக் குடுக்குற டாக்டரம்மாவுக்கும் தெரியாது. நம்மூரு கிளினிக்குல டாக்டருக்குத் தெரியாம மருந்து குடுத்தா ஓடியாந்துரணும். இங்க தெரியாம இருக்கிறதுதான் முறை. தெரிஞ்சா, மருந்து வாங்குனவனைப் பாத்து “முகம் தெளிஞ்சிருக்கே”ன்னு டாக்டருக்கே தோணிப்போகும். உனக்கும் தோணும். உனக்குத்தான் சோடா குடிச்சாலே காய்ச்சல் விட்டுப்போகுமே!

ஆனா ஒண்ணு, உன் பழைய மாத்திரையை நிறுத்தச் சொல்லி வெறும் மாவைக் குடுக்கிறதா இருந்தா, அந்த எடத்துல எந்திரிச்சு நின்னு ஏன்னு கேளு. ஏற்கெனவே கேக்குற மருந்து இருக்கிற நோய்க்கு அதை நிறுத்திட்டு மாவு குடுக்கணும்னா அதுக்குப் பலமான காரணம் வேணும். கமிட்டியில எங்க வக்கீலு இந்த எடத்துலதான் கண்ணாடியைக் கழட்டித் தொடைப்பாரு.

இந்தக் குலுக்குச் சீட்டு வர்றதுக்கு முன்னாடியே ஆளைப் பிரிச்சு வச்சுப் பாத்தவுக உண்டு. 1747-ல ஜேம்ஸ் லிண்டுன்னு ஒரு பிரிட்டிஷ் கப்பல் டாக்டரு, ஸ்கர்வி வந்து ஈறு அழுகிக் கெடந்த 12 மாலுமிகளை ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சாரு. ஒரு ஜோடிக்கு வினிகரு, ஒரு ஜோடிக்குக் கந்தகத் திராவகம் கலந்த தண்ணி, ஒரு ஜோடிக்கு வெறும் கடல் தண்ணி. கொடுத்து வச்ச ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். பழம் தின்னவன் ஆறு நாளுல டெக்குல வேலைக்கு நின்னுட்டான். இதைப் பாத்தும் இங்கிலாந்து கடற்படை மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு குடுக்க ஆரம்பிச்சது 1795-ல. நம்ம கவர்மெண்டு ஆபீசைக் குத்தம் சொல்லாத, 48 வருசம் பைலு நகராம கெடந்த ஊரு அது. அந்தக் கடல் தண்ணி குடிச்ச ரெண்டு பேருகிட்ட யாரும் சம்மதம் கேட்டதா எழுதி வைக்கல.

பயமுறுத்தவும் கூடாது. நம்ம சனங்க சேந்து குடுத்த பதிலை வச்சு உலகமே திரும்பிப் பாத்த கதையும் இருக்கு. 1956-ல மெட்ராஸ் சேத்துப்பட்டுல காசநோய்க்கு ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்குனாக. பிரிட்டன்லயிருந்து வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு டாக்டரு வந்தாரு. அந்தக் காலத்துல டிபி வந்தா சானடோரியத்துல கொண்டுபோயிப் போடணும். நல்ல காத்து, நல்ல சாப்பாடு, ஒரு வருசத்துக்குக் குறையாத படுக்கை. நாட்டுல இருந்த நோயாளிக்கும் இருந்த கட்டிலுக்கும் ஏணி வச்சாலும் எட்டாது. அப்ப ஒரு கேள்வி வந்துச்சு: குடிசையில, ஒத்தை ரூமுல, ஏழெட்டுப் பேரோட படுத்துக்கிட்டு, கெடச்ச கஞ்சியைக் குடிச்சுக்கிட்டே மாத்திரை மட்டும் சாப்புட்டா நோய் போகுமா? 193 பேரு சேந்தாக. சீட்டுப் போட்டுப் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கு அனுப்புனாக, பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்புனாக. ரெண்டு பக்கமும் அதே மருந்துதான், ஐசோனியசிட்டும் பிஏஎஸ்ஸும். பிஏஎஸ் இருக்கே, வயித்தைப் பெரட்டுற சாமான்.

இங்கதான் வெள்ளைக்காரன் நம்மளைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டான். “மாத்திரை சாப்புட்டீகளா”ன்னு கேட்டா நம்மாளு எவனாவது இல்லைன்னு சொல்லுவானா? “ஆங், வேளைக்கு வேளை”ம்பான். மாத்திரை கூரைச் செத்தைக்குள்ள இருக்கும். அதனால முன்னறிவிப்பு இல்லாம வீட்டுக்கு வந்து மிச்ச மாத்திரையை எண்ணுனாக. அதுவும் பத்தாதுன்னு மூத்திரத்தை வாங்கிப் பரிசோதிச்சாக. வாய் சொன்னதை மூத்திரம் ஒத்துக்கிருச்சான்னு பாத்துட்டுத்தான் எழுதுனாக. ஒரு வருசம் கழிச்சுக் கணக்குப் பாத்தா, சானடோரியத்துல நல்லாச் சாப்புட்டுப் படுத்திருந்தவுகளுக்கும் குடிசையில கெடந்தவுகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. வீட்டுல கூடப் படுத்த புள்ளைகுட்டிகளை அஞ்சு வருசம் தொடர்ந்து பாத்தாக. அங்கிட்டும் கூடுதலா நோய் ஒட்டல. மொத வருசத்து முடிவு 1959-லயே வெளிவந்துச்சு. உலகம் பூராம் சானடோரியம் ஒண்ணொண்ணாக் காலியாச்சு. கண்ணு முன்னால மாத்திரையை முழுங்க வைக்கிற முறைக்கும் வித்து அங்கதான் விழுந்துச்சு.

அந்த 193 பேருல ஒருத்தர் பேரு கூட எந்தப் புத்தகத்துலயும் கெடையாது. இருக்கவும் கூடாது, நோயாளி பேரை வெளிய விடக் கூடாதுங்கிறது முறை. ஆனா ஃபாக்ஸ் பேரு இருக்கு. அந்த மெட்ராஸ்காரன் ஒருத்தன் வாந்தியெடுத்துக்கிட்டே முழுங்குன மாத்திரையாலதான் இன்னைக்கு நம்மூருல டிபி வந்தவன் வீட்டுலயே இருந்து வேலைக்குப் போயிக்கிட்டிருக்கான். இதைச் சொன்னா உனக்கு நெஞ்சு விரியுமே, விரியட்டும். ஆனா சர்க்கரை மட்டும் அதால இறங்காது.

இன்னொண்ணு. பொறப்பட்டுப் போயி அந்த டாக்டரம்மா காதைக் கடிச்சு, “எனக்கு மட்டும் புது மாத்திரையே வர்ற மாதிரி பாத்துக்கங்கம்மா”ன்னு சொல்லிப்புடாத. உன் புத்தி அங்கதான் போகும். புதுசுன்னா ஒசத்தின்னு யாரு சொன்னா? நெல்லுத் தூத்துறப்ப உமி பட்டு, கரும்புத் தோகை கிழிச்சு, கண்ணுல பூஞ்சைப் புண்ணு வந்து பார்வை போறது நம்ம பக்கத்துல சகஜம். அதுக்கு நாட்டமைசின்னு ஒரு பழைய சொட்டு மருந்து. வோரிகோனசோல்னு ஒரு புதுசு வந்துச்சு, பேரே வாயில நுழையாது, அப்ப ஒசத்தியாத்தான் இருக்கணும்னு எல்லாரும் நெனச்சாக. மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் அதோட மத்த கிளை ஆஸ்பத்திரிகளும் சேந்து 323 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரிச்சுப் பாத்தாக. 2013-ல முடிவு வந்துச்சு: பழைய நாட்டமைசின்தான் ஜெயிச்சுச்சு. புது மருந்து கெடச்ச கூட்டத்துல கருவிழி ஓட்டையானவுக கூட. காதைக் கடிச்சுப் புது மருந்து வாங்கியிருந்தா, கண்ணு போயிருக்கும்.

சில நேரம் கேள்விக்கு ‘இல்லை’ன்னு பதில் வரும். செங்கல்பட்டு ஜில்லாவுல, இப்ப திருவள்ளூர்னு பிரிஞ்ச பக்கம், 1968-லிருந்து பிசிஜி ஊசியைச் சோதிச்சாக. 2 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல கையை நீட்டுனாக. சில பேருக்கு ஊசியில பிசிஜி, சில பேருக்கு மருந்தில்லாத தண்ணி. 15 வருசம் பின்னாலயே போயிப் பாத்ததுல, பெரியவுக நெஞ்சுல வர்ற டிபியை அது தடுக்கலைன்னு தெரிஞ்சுச்சு. பச்சப்புள்ளைகளுக்கு மூளை வரைக்கும் ஏறுற டிபியைத் தடுக்கிறதுக்காக இன்னைக்கும் பொறந்ததும் போடுறாக, அது வேற. ஒரு ஜில்லாவே கையை நீட்டி ‘கேக்கல’ன்னு ஒரு பதிலை வாங்குச்சு. அந்த ஊசியை நம்பிப் பெரியவுகளுக்குப் போட்டுக்கிட்டே இருந்திருந்தா எவ்வளவு காசு கரைஞ்சிருக்கும்னு சொசைட்டிக்காரன் கணக்குல யோசிச்சுப் பாரு.

வேடிக்கையா ஒண்ணு சொல்லுறேன். ஜார்க்கண்டுல 2019-லிருந்து 2022 வரைக்கும் ஒரு ஆராய்ச்சி. மங்களூர்ப் பக்கத்து மருத்துவக் கல்லூரி டாக்டருகளும் நம்ம சேத்துப்பட்டுக்காரவுகளும் சேந்து பண்ணுனது. டிபி வந்தவுக வீட்டுல உள்ள மத்த ஆளுகளுக்கு, தலைக்கு மாசம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் குடுத்துப் பாத்தாக. குடுக்காத வீட்டோட ஒத்துப்பாத்தா, குடுத்த வீட்டுல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் கொறஞ்சுச்சு. சளியில கிருமி உறுதியான நெஞ்சு டிபின்னு எடுத்தா 48 சதவீதம். சோறு போட்டா நோய் வராதுன்னு கண்டுபுடிக்க ஒரு ஆராய்ச்சியான்னு நீ சிரிப்ப. எங்க ஆத்தா அடுப்படியில இருந்தே சொல்லியிருப்பா. சொல்லியிருப்பாதான், ஆனா ஆத்தா சொன்னதுக்கு எந்த நிதித்துறையாவது பணம் ஒதுக்குமா? இது நம்பரோட 2023-ல வெளிவந்துச்சு. மறுவருசம் டிபிக்காரவுகளுக்கு மாசம் 500 ரூபாயாக் குடுத்த சாப்பாட்டுக் காசை 1000 ஆக்குனாக.

சரி, இம்புட்டு நல்லது சொல்லிட்டேன், அதுக்காகத் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிராத. 2009-ல ஆந்திராவுல கம்மம் ஜில்லாவுல, கருப்பைவாய்ப் புத்துநோயைத் தடுக்கிற ஊசியை விடுதியில தங்கிப் படிச்ச பழங்குடிப் புள்ளைகளுக்குப் போட்டாக. சம்மதப் படிவத்துல பெத்தவுக கையெழுத்து இருக்க வேண்டிய எடத்துல விடுதி வார்டன் கையெழுத்து. ஒருத்தரே உக்காந்து வரிசையாப் போட்டுத் தள்ளியிருக்காக. 2010-ல திட்டத்தை நிறுத்துனாக, பாராளுமன்றக் குழு 2013-ல கிழிகிழின்னு கிழிச்சுச்சு. ஊசி மேல குத்தமில்ல, உலகம் பூராம் போடுறாக, நடுவுல செத்துப்போன புள்ளைகளுக்கும் ஊசிக்கும் சம்பந்தமிருக்கிறதாத் தெரியலைன்னுதான் விசாரிச்சவுக சொன்னாக. ஆனா கேக்கவே இல்லையே! அந்தப் படிவங்களை என் மேசைக்கு அனுப்பியிருந்தா, ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே நாளுன்னு மொதப் பக்கத்துலயே புடிச்சிருப்பேன். அதுக்கு டாக்டர் படிப்பு வேண்டியதில்ல, சொசைட்டியில நாலு வருசம் இருந்தாப் போதும்.

அதனால சம்மதப் படிவத்தை நீட்டுனதும் கையெழுத்துப் போடாத. வீட்டுக்குக் கொண்டாந்து படிக்கிறேன்னு சொல்லு, அது உன் உரிமை. தமிழ்ல குடுக்கணும்கிறதும் விதி. வாசிக்கத் தெரியாதவுகளுக்கு, ஆராய்ச்சிக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருத்தர் கூட உக்காந்து, படிச்சுக் காட்டுறதைக் கேக்கணும். புதுசாக் கண்டுபுடிச்ச மருந்தாயிருந்து, சேருறவுக ஏழைபாழைகளாகவோ எளிசுல ஏமாறக் கூடியவுகளாகவோ இருந்தா, சம்மதம் வாங்குறதை வீடியோவே எடுக்கணும். வீடியோன்னதும் தலையைச் சீவிக்கிட்டு நிக்காம, புரியாததைப் புரியலைன்னு சொல்லு, அதுவும் பதிவாகட்டும். கையெழுத்துப் போட்டப்புறம் ஒரு நகல் உன் கையில இருக்கணும். அதுல ஒரு பதிவு நம்பரு இருக்கான்னு பாரு. 2009 ஜூன் 15-லிருந்து மருந்துச் சோதனை எதையும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டுல எழுதாம தொடங்கக் கூடாது. உன் மகன் செல்லுல கேம் விளையாடுற நேரத்துல அந்த நம்பரைத் தட்டிப் பாக்கச் சொல்லு, யாரு காசு போடுறா, எத்தனை பேரு, எந்தெந்த ஊருன்னு எல்லாம் வந்துரும்.

படிவத்தை நீட்டுறது யாருன்னு நெனக்கிற? பெரிய டாக்டரு இல்ல. மேல்படிப்புப் படிக்கிற சின்னப் பொண்ணா இருக்கும். எம்.டி. முடிக்கணும்னா அது ஒரு ஆராய்ச்சி பண்ணி, பரீட்சைக்கு ஆறு மாசம் முன்னாடியே தீசிஸ் எழுதிக் குடுத்தாகணும். ராத்திரி டூட்டி பாத்துட்டுக் கண்ணு சொக்கி உக்காந்திருக்கும். எண்பது பேரு வேணும், அறுபதுதான் ஆகியிருக்கும். நீ “யோசிச்சுச் சொல்லுறேன்”னதும் அது மொகம் சுண்டிப்போகும். அதைப் பாத்து இரக்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுறாத. அந்தப் பொண்ணுக்கு உதவணும்னா வரிசையில முட்டி மோதாம நில்லு, வெத்தலை எச்சியைப் படிக்கட்டுல துப்பாத, அது போதும். “வேணாம்னு சொன்னா நாளைக்கு ஓபியில நம்மளைக் கவனிப்பாகளா”ங்கிற பயமும் உனக்கு வரும். சேராட்டியும் வைத்தியம் கொறையாதுன்னு படிவத்துலயே அச்சடிச்சிருக்கும். யாராவது மொகத்தைத் திருப்புனா அந்த வரியில வெரலை வச்சுக் காட்டு. கமிட்டி போன் நம்பரும் அதே தாள்லதான் இருக்கும்.

கேக்குறதுன்னா உருப்படியாக் கேளு. எத்தனை தடவை ரத்தம் எடுப்பீக, எத்தனை நாளு வேலைக்கு லீவு போடணும், நடுராத்திரி மயக்கம் வந்தா எந்த நம்பருக்கு அடிக்கிறது, அதை எடுக்க ஆளு இருக்குமா. இதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு, அதை ஒருத்தரும் கேக்குறதில்ல: ஆறு மாசம் ஓசி மாத்திரையில சர்க்கரை அழகா இறங்கிருச்சு, ஏழாம் மாசம் என்ன பண்ணுவேன்? கடையில வாங்கணும்னா வெலை என்ன? ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் குடுப்பீகளா மாட்டீகளா? இதைக் கேட்டா அறையில கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேக்கும். பரவாயில்ல, அவுக யோசிச்சுச் சொல்லட்டும்.

ஆராய்ச்சியால உடம்புக்கு ஏதாவது ஆனா வைத்தியம் அவுக செலவு. புது மருந்துச் சோதனையில உசுரே போனா இழப்பீட்டுக்கு ஒரு கணக்கு இருக்கு, கேட்டா நீ அசந்துருவ. 8 லட்சத்தை எடுத்து, செத்தவன் வயசுக்கு ஒரு எண்ணு, அவன் நோய்க் கடுமைக்கு ஒரு எண்ணு போட்டுப் பெருக்கி, 99.37-ஆல வகுக்கணும். அந்த 99.37 எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு கமிட்டியில கேட்டேன். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துல 65 வயசோ அதுக்கு மேலயோ உள்ளவனுக்குப் போட்ட எண்ணாம். ஆக இந்த நாட்டுல எவன் உசுருக்கு வெலை போட்டாலும் என் வயசுக்காரன் உசுரைக் கீழ வச்சுத்தான் வகுக்கிறாக. கெழடு கட்டையால என்ன பிரயோசனம்னு உங்க அத்தை இனிமே கேக்கட்டும், பதில் வச்சிருக்கேன். ஆனா காலேஜு தானாப் பண்ணுற சின்ன ஆராய்ச்சிக்கு இழப்பீட்டைக் கமிட்டிதான் பாத்துச் சொல்லும், அதனால படிவத்துல அந்த வரி எங்க இருக்குன்னு தேடிப் படிச்சுக்க.

இதுக்கெல்லாம் மேல ஒரு வசதி இருக்கு. புடிக்கலைன்னா எப்ப வேணாலும் வெளிய வந்துரலாம், ஏன்னு காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்ல. கல்யாணத்துல உனக்கு அந்தச் சலுகையை நான் தரல.

காசுக்காகப் போற இன்னொரு வகை இருக்கு. நோயே இல்லாத இளவட்டம், கம்பெனி விடுதியில ராத்திரி தங்கி, மாத்திரையை முழுங்கிட்டு, மணிக்கு ஒரு தரம் ரத்தம் குடுத்துட்டு, பணத்தை எண்ணிக்கிட்டு வரும். ஒண்ணு முடிஞ்சு மருந்து உடம்பை விட்டு இறங்குறதுக்குள்ள அடுத்த கம்பெனியில போயி “நான் புதுசு”ன்னு நிக்கும். கணக்கும் கெட்டுப்போகும், கல்லீரலும் கெட்டுப்போகும். உன் தம்பி அப்படி எங்கிட்டோ போயிட்டு வந்து புது செல்லு வாங்கியிருக்கான்னு கேள்விப்பட்டேன், அவனை ஒரு நாளு என்னை வந்து பாக்கச் சொல்லு.

கடைசியா, அந்தக் ‘குடிப்பழக்கம் கூடாது’ங்கிற வரி. நான் ஒண்ணும் கேக்கல. பங்குனிப் பொங்கலுக்கு மட்டும்தான் மாமாம்ப. அதை அந்தப் பொண்ணுகிட்டயும் அப்படியே சொல்லிரு, வருசத்துல எத்தனை பங்குனி வருதுன்னும் சேத்துச் சொல்லு. ஒளிச்சேன்னா, நாளைக்குக் கல்லீரல் கணக்கு ஏறுறப்ப பாவம் அந்த மாத்திரை மேல பழி விழும். நல்ல மருந்து ஒண்ணு உன் குவாட்டரால கெட்ட பேரு வாங்கக் கூடாது.

நான் ஒளிக்கல. போன மாசம் எனக்கும் ஒரு எடம் வந்துச்சு. முட்டிவலி ஆராய்ச்சி, 60 வயசுக்கு மேல. கமிட்டியை விட்டு வந்து நாளாச்சு, தடையில்ல. அந்தப் பொண்ணு நீட்டுன தாளை வரி வரியாப் படிச்சு, கேக்க வேண்டியதைக் கேட்டு, அது முக்கா மணி நேரம் பொறுமையாப் பதில் சொல்லி, “ஐயா, வேற ஏதாவது மருந்து சாப்புடுறீகளா”ன்னு கேட்டுச்சு. நம்ம வைத்தியரு குடுக்குற சூரணத்தைச் சொன்னேன், காலையில ஒரு கரண்டி, ராத்திரி ஒரு கரண்டின்னு. தாளைப் பொரட்டிப் பாத்துச்சு. “நாட்டு மருந்து சாப்புடுறவுகளைச் சேக்க முடியாதுங்கய்யா”ன்னுருச்சு. நிச்சயம் வரைக்கும் வந்த சம்பந்தம் வாசல்லயே திரும்பிப் போயிருச்சு. நீ எப்படியும் அங்கிட்டுத்தான் போகப்போற. எலும்பு டிப்பார்ட்மெண்டு ரெண்டாவது மாடி, படியேறி எடது பக்கம். சூரணத்தை நிறுத்தி எத்தனை நாளானா சேத்துக்குவாகன்னு கேட்டுட்டு வா. எனக்குன்னு சொல்லாத, உன் மாமனாருக்குன்னு சொல்லு.